தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு ஆந்தை: கிரேக்க வெள்ளி நாணயங்களும் ஏல விலையும்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டதன் சுருக்கம் இது. இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவோடு எகிப்துக்கும் இத்தாலிக்கும் போய்வந்த தாத்தாவின் தகரப்பெட்டியில், ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண்முகமும் மறுபக்கம் ஆந்தையும் உள்ள தடித்த வெள்ளி நாணயம் ஒன்று, சில பழைய கடிதங்களோடு கிடைத்திருக்கிறது. கிரேக்க நாணயங்கள் கோடிக்கணக்கில் ஏலம் போவதாகச் செய்திகளில் படித்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெறும், வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா, அனுப்புவதற்கு முன் மேலே படிந்திருக்கும் கருப்பைத் திருநீறு போட்டுத் தேய்த்து எடுக்கலாமா என்பவை கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கு அவசரமில்லை. தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளியும் வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. பழைய நாணயத்துக்கு இரண்டுமே நஞ்சு. அந்தக் கருமை அழுக்கு அல்ல. வெள்ளி காற்றோடும் மண்ணோடும் நூற்றாண்டுகளாகப் பழகி உண்டாக்கிக்கொண்ட தோல். சேகரிப்பவர்கள் அதை டோனிங் என்பார்கள், அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பார்கள். திருநீற்றின் நுண்துகள் அதை எடுக்கும்போது கூடவே நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்களை விட்டுச் செல்லும். லென்ஸ் வைத்துப் பார்ப்பவர் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். தேய்த்துப் பளபளக்கும் நாணயத்துக்குப் பாதி விலை கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்பது என் அனுபவம்.

இனி விலைக்கு வருவோம். செய்திகளில் படிக்கும் பெருந்தொகைகள் பெரும்பாலும் டெகாட்ராக்ம் என்னும் பத்து ட்ராக்மா நாணயத்துக்கு உரியவை. ஏதென்ஸின் எடைமுறைப்படி ஒரு ட்ராக்மா என்பது 4.3 கிராம் வெள்ளி. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் எரெக்தியான் கோயிலைக் கட்டிய கைத்தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. நான்கு ட்ராக்மா சேர்ந்தது டெட்ராட்ராக்ம், சுமார் 17.2 கிராம், இரண்டு சவரனைவிடச் சற்று அதிகம். பத்து சேர்ந்தது 43 கிராம், அதாவது ஐந்தரைச் சவரனைத் தொடும் ஒரு வெள்ளிக் கட்டி. அதைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க யாரும் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். உங்கள் தாத்தாவிடம் இருப்பது, உண்மையானதாக இருக்கும் பட்சத்தில், ஏறத்தாழ உறுதியாக டெட்ராட்ராக்ம்தான். ‘ஏதென்ஸ் ஆந்தை’ என்று உலகமெங்கும் அறியப்பட்ட நாணயம் அது.

அந்த ஆந்தை அபூர்வமானது அல்ல என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏதென்ஸுக்குத் தெற்கே லவ்ரியோன் மலைப்பகுதியில் கி.மு. 483ஐ ஒட்டிப் புதிய வெள்ளிப் படிவுகள் வெட்டப்பட்டன. அந்தப் பணத்தைக் குடிமக்களுக்குப் பகிர்ந்து கொடுக்காமல் போர்க்கப்பல் கட்டச் செலவிட வேண்டும் என்று தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் வாதாடி வென்றதும், அந்தக் கப்பல்கள் சலாமிஸ் கடற்போரில் பெர்சியரை முறியடித்ததும் தெரிந்த கதை. அதன்பின் வந்த அரை நூற்றாண்டில், ஏதென்ஸின் கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பமும் சேர்ந்துகொள்ள, ஏதென்ஸ் இந்த ஆந்தையை எண்ணிக்கையில்லாமல் அடித்துத் தள்ளியது. எகிப்திலும் சிரியாவிலும் துருக்கியிலும் பானை பானையாக அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தொகையாகப் புதிய ஆந்தைகள் சந்தைக்குள் வந்து விழுந்தன. அதற்கு முன் ஒரு நல்ல பிரதிக்காக (நாங்கள் பிரதி என்பது நகலை அல்ல, அந்த வகையின் ஒரு நாணயத்தை) கடன் வாங்கியவர்களில் நானும் ஒருவன், ஆகையால் இந்தத் தேதி எனக்கு மறப்பதில்லை. இன்றைக்குச் சாதாரண நிலையில் உள்ள ஆந்தை ஏறத்தாழ நானூறு டாலரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு டாலர் வரை போகிறது.

அந்த வீச்சுக்குள் விலை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை சிறுசிறு விவரங்கள். நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்கவசம் அணிந்த பெண் ஏதென்ஸின் காவல்தெய்வமான அதீனா. அவள் முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். உதட்டோரத்தில் ஒரு பழங்காலப் புன்னகை. கவசத்தின் மேல் மூன்று ஆலிவ் இலைகள். கவசத்தின் உச்சியில் குதிரைமயிர்க் கொண்டை ஒன்று உண்டு, ஆனால் பெரும்பாலான பிரதிகளில் அது இருக்காது. தேய்ந்துபோனதால் அல்ல, அச்சு (உருவத்தைக் குழிவாக வெட்டிய உலோக முத்திரை) பெரியது, வெள்ளித் துண்டு சிறியது, அடித்தவர் அவசரத்தில் அடித்ததால் கொண்டை துண்டுக்கு வெளியே போய்விட்டது. அந்தக் கொண்டை முழுவதும் விழுந்திருக்கும் பிரதி, மற்றெல்லாம் சமமாக இருந்தாலும், இரண்டு மூன்று மடங்கு விலைபெறும். மறுபக்கத்தில் ஒரு சதுரக் குழிக்குள் ஆந்தை நிற்கும். இடது மேல்மூலையில் ஆலிவ்க் கிளையும் சிறு பிறைநிலவும், வலப்பக்கம் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று எழுத்துகளும். ‘ஏதென்ஸ்காரர்களுடையது’ என்பதன் சுருக்கம் அது.

ஆந்தையின் மேலோ அதீனாவின் கன்னத்திலோ ஆழமான உளிவெட்டு ஒன்று இருந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள், பின்னால் யாரோ பாழாக்கியதாகவும் நினைக்காதீர்கள். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித்தகடு போர்த்திய கள்ள நாணயங்கள் அக்காலத்திலேயே ஏராளமாகப் புழங்கின. எகிப்திலும் கிழக்கிலும் வாங்கியவர்கள் உளியால் ஒரு வெட்டுப் போட்டு உள்ளே வெள்ளிதானா என்று பார்த்துக்கொண்டார்கள். ஏதென்ஸிலேயே இதற்குச் சட்டம் இருந்தது. கி.மு. 375இல் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் கல்வெட்டு 1970இல் ஏதென்ஸ் அகோராவில், அதாவது பழைய சந்தைவெளியில், கிடைத்தது: அரசுக்குச் சொந்தமான ஓர் அடிமை, பணம் மாற்றுபவர்களின் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து நாணயங்களைச் சோதிக்க வேண்டும், உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிக் கடவுளரின் தாயான தேவிக்கு ஒப்படைத்துவிட வேண்டும், தம் கடமையை அவர் சரிவரச் செய்யாவிட்டால் ஐம்பது சாட்டையடி. வெட்டுப்பட்ட ஆந்தை விலை குறையத்தான் செய்யும். ஆனால் எனக்கு அந்த வெட்டின் மேல் தனிப் பிரியம் உண்டு, என்னிடம் உள்ள மூன்றில் இரண்டு வெட்டுப்பட்டவை.

அபூர்வம் என்றாலே விலை என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருப்பது இந்தத் துறையின் பெரிய தவறான புரிதல். உலகிலேயே ஐந்தாறு பிரதிகள்தான் உண்டு என்று சொல்லத்தக்க, ஏதோ ஒரு சிற்றூர் அடித்த குன்றிமணி அளவு வெள்ளிக்காசுகள் நூறு இருநூறு டாலருக்குக் கேட்பாரற்றுப் போகின்றன. ஆயிரக்கணக்கில் இருக்கும் ஆந்தை அதைப்போல ஐந்து மடங்கு பெறுகிறது. அபூர்வம் மட்டும் போதாது. அதைத் தேடி அலைபவர்களும் வேண்டும். பழமையும் அப்படியே. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை ஏறத்தாழ எல்லாக் கிரேக்க நாணயத்துக்கும் பொது, ஆகையால் அதற்குத் தனி விலை கிடையாது. வெள்ளியின் மதிப்போ, டெட்ராட்ராக்மை உருக்கினால் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் தேறாது. அப்படியானால் கோடிகளுக்குக் காரணம் என்ன? அச்சை வெட்டிய கை ஒன்று. இன்னொன்று, இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது: அந்தப் பிரதி எந்தெந்தக் கைகள் மாறி வந்தது என்பதற்கான காகிதம்.

கையைப் பற்றி முதலில் சொல்கிறேன். சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் டெகாட்ராக்ம்களை அடித்தது. ஒரு பக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர் பாய்கிறது, மேலே வெற்றித்தேவதை பறந்துவந்து தேரோட்டிக்கு மாலை சூட்டுகிறாள், கீழே பந்தயப் பரிசாக வைத்த கவசமும் கேடயமும். மறுபக்கம் அரெத்தூசா என்னும் நீரூற்றுத் தேவதையின் தலை, சுற்றிலும் நான்கு டால்ஃபின்கள். இவற்றின் அச்சை வெட்டியவர்கள் கிமோன், யூஐனெட்டோஸ் என்ற இருவர். பெயர் நமக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களே அச்சில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். டால்ஃபினின் உடம்பிலும், கூந்தலைக் கட்டிய பட்டையிலும், கழுத்துக்குக் கீழேயும், கடுகை விடச் சிறிய எழுத்துகளில். இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றி, குழிவாக வெட்டிய உருவம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் கையின் அருமை தெரியும்.

யூஐனெட்டோஸின் டெகாட்ராக்ம்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன; தேய்ந்த பிரதி பத்தாயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கும். அதே அச்சில், கூந்தலின் ஒவ்வொரு சுருளும் நிற்கும்படி, தேரின் முன்குதிரையின் மூக்கு விளிம்பில் துண்டாகாமல் விழுந்த பிரதி லட்சம் டாலரைத் தாண்டும். ஒரே நாளில் ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்களுக்கு நடுவே பத்து மடங்கு விலை வித்தியாசம் எப்படி வருகிறது என்று கேட்பார்கள். ஒன்று அச்சு புதிதாக இருந்த காலையில் அடித்தது, மற்றது அச்சில் விரிசல் விழுந்த பிறகு அடித்தது. ஒன்று மறுநாளே பானைக்குள் போனது, மற்றது முப்பது ஆண்டு கைமாறித் தேய்ந்தது. டெகாட்ராக்மை விடச் சிறியதானாலும், கிமோன் வெட்டிய, அரெத்தூசா நம்மை நேருக்கு நேர் பார்க்கும் டெட்ராட்ராக்ம் இன்னும் அரிது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் வடக்கே தெஸ்ஸலியில் லாரிஸா நகரமே தன் நாணய முகத்தை வடித்துக்கொண்டது.

சிரக்யூஸுக்கு மேற்கே, அதே தீவின் தென்கரையில் இருந்த அக்ரகாஸின் கதை வேறு. முயலைக் கிழித்துக்கொண்டிருக்கும் இரண்டு கழுகுகள் ஒருபுறம், நான்கு குதிரைத் தேர் மறுபுறம் என அது அடித்த டெகாட்ராக்ம்களில் ஏறக்குறைய பத்துப் பிரதிகளே உலகில் எஞ்சியிருக்கின்றன. கி.மு. 412 ஒலிம்பிக் ஓட்டத்தில் வென்ற எக்சைனெட்டோஸ் என்ற அவ்வூர்க்காரர், முந்நூறு வெள்ளைக் குதிரைத் தேர்கள் புடைசூழ ஊர் திரும்பியதாக வரலாறு எழுதுகிறது. அந்தப் பெருமிதத்தில் அடித்ததாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. ஆறே ஆண்டுகளில், கி.மு. 406இல், கார்த்தேஜ் படை அந்த நகரத்தைச் சூறையாடியது. அச்சும் போயிற்று, அடித்தவர்களும் போனார்கள். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த அக்ரகாஸ் டெகாட்ராக்ம் ஒன்று 1990 ஜூனில், நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 5,72,000 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் ஏதென்ஸின் டெகாட்ராக்ம், அதாவது சிறகை விரித்து நேரே நம்மைப் பார்த்து நிற்கும் பெரிய ஆந்தை, 5,28,000 டாலர் பெற்றது. விற்றவர் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரரான நெல்சன் பங்க்கர் ஹண்ட். யார் என்று தெரிகிறதா? தம்பியோடு சேர்ந்து உலகத்து வெள்ளியையெல்லாம் வாங்கிக் குவித்து அவுன்ஸ் விலையை ஐம்பது டாலர் வரை ஏற்றி, 1980 மார்ச் 27ஆம் தேதி ஒரே நாளில் சரிந்துபோனாரே, அவர்தான். வெள்ளிச் சூதாட்டத்தில் உண்டான கடனைக் கட்ட, திவாலான பிறகு, 43 கிராம் வெள்ளி ஒன்றை ஐந்து லட்சம் டாலருக்கு விற்க நேர்ந்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கதை இது.

ஏதென்ஸ் டெகாட்ராக்ம் என்றவுடன் எல்மலியைச் சொல்லாமல் இருக்க முடியாது, காகிதத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1984 வரை இந்த நாணயத்தில் ஒரு டஜனை ஒட்டிய பிரதிகளே அறியப்பட்டிருந்தன. அந்த ஆண்டு துருக்கியின் அந்தாலியா மாகாணத்தில், எல்மலிக்கு அருகே, உலோகம் தேடும் கருவியோடு போனவர்கள் ஏறக்குறைய 1,900 வெள்ளி நாணயங்கள் கொண்ட புதையலைத் தோண்டி எடுத்தார்கள். அதில் பதினான்கு டெகாட்ராக்ம்கள்! நாணயங்கள் கடத்தப்பட்டு, பெரும்பகுதி அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் கோக் உள்ளிட்ட ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின. துருக்கி வழக்குத் தொடுத்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1999இல் நாணயங்கள் திரும்பிச் சென்றன. வாங்கியவர்களுக்குப் போனது கொடுத்த பணம் மட்டுமல்ல, வழக்குச் செலவும் சேர்த்து.

அதற்குப் பின் பெரிய ஏல நிறுவனங்கள் முதலில் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. ‘இது என்ன நாணயம்’ என்பதற்கு முன் ‘இது இதுவரை எங்கே இருந்தது’ என்று கேட்கிறார்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்ட 1970ஆம் ஆண்டு ஒரு எல்லைக்கோடு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முன்பே மண்ணுக்கு வெளியே இருந்தது என்று காட்ட முடிந்தால் விலை ஒரு படி ஏறும். 2011 முதல் இத்தாலியின், கிரீஸின் பழைய நாணயங்களில் பல வகைகளை உரிய ஆவணமின்றி அமெரிக்காவுக்குள் கொண்டுவர முடியாது. இதனால் ஒரே தரமுள்ள இரண்டு நாணயங்களில், பழைய ஏலப்பட்டியலில் படம் வந்த நாணயம் மற்றதைவிட முப்பது, ஐம்பது விழுக்காடு கூடுதலாகப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் படத்தைத் தேடுவது ஒரு தனிக்கலை. சாமுவேல் போத்சி என்ற பாரிஸ் மருத்துவர், பழைய நோயாளி ஒருவராலேயே 1918இல் சுட்டுக் கொல்லப்பட்டவர், பெரிய கிரேக்கச் சேகரிப்பு வைத்திருந்தார்; அது 1921இல் சுவிட்சர்லாந்தில் ஏலம் விடப்பட்டது. அந்த ஏலப்பட்டியலின் படத்தகடுகளில் உள்ள நாணயம் ஒன்று உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால் நூறாண்டு வரலாறு கையில் இருக்கிறது. கையால் அடித்த நாணயங்களில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதே இல்லை என்பதால் இது சாத்தியமாகிறது. விளிம்பில் கடிகாரத்தின் இரண்டு மணி இடத்தில் ஒரு வெடிப்பு, காதோரத்தில் ஒரு சிராய்ப்பு, குதிரைக்காலுக்குக் கீழே துண்டு போதாமல் மழுங்கிய இடம்: இந்த மூன்றும் ஒத்துவந்தால் அதே நாணயம். நம் ஊரில் பிள்ளைகளுக்கு அங்க அடையாளம் எழுதுவதுபோலத்தான்.

காகிதம் பொய்யாக இருந்தாலோ, நாணயத்தின் பெருமை எதுவும் காப்பாற்றாது. 2020 அக்டோபரில் லண்டன் ஏலம் ஒன்றில், புரூட்டஸ் அடித்த ரோமானியத் தங்கக்காசு 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்ச் செய்தியானது; அதே ஏலத்தில் சிசிலியின் நாக்சோஸ் நகர டெட்ராட்ராக்ம் ஒன்றும் 2,40,000 பவுண்டு பெற்றது. தாடிவைத்த மதுக்கடவுள் டயோனிசஸின் தலையும், கிண்ணத்தோடு குந்தியிருக்கும் அவருடைய தோழன் சைலீனஸும் உள்ள அந்த நாணய வகை முழுவதும் ஒரே ஒரு ஜோடி அச்சில் அடித்தது. கிரேக்கக் கலையின் உச்சங்களில் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் இரண்டுக்கும் காட்டிய பழைய உரிமை வரலாறு இட்டுக்கட்டியது என்று தெரியவந்து, நிறுவனத்தின் தலைவர் 2023இல் நியூயார்க்கில் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தங்கக்காசு கிரீஸுக்குத் திரும்பிவிட்டது.

போலிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அவை புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் தாமே அச்சு வெட்டிக் கிரேக்க, ரோமானிய நாணயங்களை அடித்தார். புதுமை தெரியாமலிருக்க, இரும்புத்தூளும் கொழுப்பும் நிரப்பிய பெட்டியில் அவற்றைப் போட்டு, தம் வண்டியின் அச்சில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவருவார். கிழவர்களை உலாவ அழைத்துப் போகிறேன் என்பாராம். நம் காலத்துக் கதை இன்னும் கூர்மையானது. 2012 ஜனவரியில், நியூயார்க் நாணயக் கண்காட்சியின்போது, துறையில் நல்ல பெயருள்ள ஒரு சேகரிப்பாளர், சிசிலியில் அண்மையில் தோண்டி எடுத்தவை என்று தாமே நம்பிய கிரேக்க வெள்ளி நாணயங்களை விற்க முயன்றதற்காகக் கைது செய்யப்பட்டார். பிறகு மின்னணு நுண்ணோக்கியில் பரிசோதித்தபோது அவை போலி என்று தெரிந்தது. கடத்தல் பொருள் என்று நம்பி வாங்கியதே கள்ள நாணயம்! அத்தனை அனுபவம் உள்ளவரின் கண்ணையே ஏமாற்றிய தரத்தில் அவை இருந்தன என்பதை, சுற்றுலாத்தலங்களிலும் இணையத்திலும் ‘கிரேக்க நாணயம்’ வாங்கும் நம்மவர்கள் நினைவில் வைத்தால் போதும்.

ஏலம் நடக்கும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செய்தித் தொகையைப் பார்த்துக் கணக்குத் தப்பும். ஏலக்காரர் சுத்தியைத் தட்டும்போது சொல்வது சுத்தி விலை. வாங்குபவர் அதற்குமேல் கமிஷன் கொடுக்கிறார், இன்று பெரும்பாலும் இருபது விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ. செய்தியில் வருவது இரண்டும் சேர்ந்த தொகை. விற்பவருக்கோ சுத்தி விலையிலிருந்து அவர் பங்குக் கமிஷன் கழிந்துதான் வரும். ஆக, பத்து லட்சத்துக்கு வாங்கினார் என்றால் விற்றவர் கையில் ஏழு, ஏழரை லட்சம் சேர்ந்திருக்கும். பட்டியலில் போடும் மதிப்பீட்டு விலையையும் அப்படியே நம்ப வேண்டாம். பலர் போட்டி போடட்டும் என்று வேண்டுமென்றே குறைத்துப் போடுவது வழக்கம். அந்த வகை நாணயம் கடந்த ஐந்தாண்டில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதை ஏசிசர்ச், காயின்ஆர்க்கைவ்ஸ் போன்ற ஏலத் தரவுத்தளங்களில் பார்ப்பதே சரியான வழி.

விற்பனைக்கே வராத நாணயமும் உண்டு. எட்னா எரிமலையடியில் இருந்த அய்ட்னா நகரத்தின் டெட்ராட்ராக்மில் ஒரு வகைக்கு ஒரே ஒரு பிரதிதான் உலகில் இருக்கிறது, பிரசெல்ஸ் அரச நூலகத்தில். சைலீனஸின் தலை, கழுத்துக்குக் கீழே ஒரு சாணவண்டு. உலகத்திலேயே மதிப்புமிக்க நாணயம் அதுதான் என்பவர்கள் உண்டு. ஏலத்துக்கு வர வாய்ப்பே இல்லாததால் அந்த வாதம் சுகமாக நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதில் ஏமாற்றம் காத்திருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் நம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். அதை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. நாணயம் எந்த நாட்டுடையது என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. தாத்தா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்பதற்காக சூரிச்சுக்கோ லண்டனுக்கோ தபாலில் போட்டுவிட முடியாது. போட்டால் அது கடத்தல். விற்பதானால் இந்தியாவுக்குள்ளேயே, முறைப்படி நடக்கும் நாணய ஏலங்களில்தான். இங்கே கிரேக்க நாணயம் வாங்குபவர்கள் குறைவு என்பதால், உலகச் சந்தை விலை அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் மண்ணுக்குக் கிரேக்க நாணயம் அந்நியமும் அல்ல என்பதை இந்த இடத்தில் சொல்ல ஆசை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளோடு, எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே ஆனாலும், கிரேக்க உலகத்து நாணயங்களும் கிடைத்திருக்கின்றன; தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைச் சேகரித்து ஆராய்ந்து பதிப்பித்தார். பெரும்பாலும் தேய்ந்த சிறு செப்புக்காசுகள், ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எந்த ஆற்றில் எடுத்தது என்பது தெரிந்திருப்பதால், ஆய்வாளருக்கு அவை பெயர் தெரியாத பானையிலிருந்து வந்த பளபளப்பான நூறு ஆந்தைகளைவிடப் பெரியவை.

இப்போது உங்கள் ஆந்தைக்குச் செய்ய வேண்டியது. நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள், உரைகல்லில் மட்டும் உரசவிடாதீர்கள். 17 கிராமை ஒட்டி வந்தால் நல்ல அறிகுறி; 14 என்றோ 20 என்றோ வந்தால் அது நினைவுப்பொருளாக வார்த்த நகலாக இருக்கலாம், போர்க்காலத்துக் கெய்ரோ கடைவீதிகளில் சிப்பாய்களைக் குறிவைத்து விற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. விளிம்பைச் சுற்றிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சுற்றி ஓடும் கோடு தெரிந்தால் இரண்டு அச்சுப்பாதி சேர்த்து வார்த்தது. முகத்தின் சமதளத்தில் குண்டூசி முனைபோல் வட்டக் குழிகள் இருந்தால் அதுவும் வார்ப்பின் குமிழ்தான். இவை இரண்டும் இல்லாமல், விளிம்பு ஒழுங்கற்றுத் தடித்து, சிறு வெடிப்புகளோடு இருந்தால், நேரில் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுவைக்காதீர்கள், மலிவான பிளாஸ்டிக் நாளடைவில் பசையாகக் கசிந்து வெள்ளியில் பச்சைபிடிக்கும். பருத்தித்துணியிலோ அமிலமில்லாத காகித உறையிலோ வையுங்கள்.

அதோடு, பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். நாணயத்தைப் பற்றி ஒரு வரி, ‘ஆந்தை போட்ட காசு ஒன்று வாங்கினேன்’ என்ற அளவுக்காவது, 1942இலோ 1943இலோ ராணுவத் தணிக்கை முத்திரையோடு வந்த ஒரு கடிதத்தில் இருந்துவிட்டால், அந்த உறையையும் கடிதத்தையும் நாணயத்திலிருந்து ஒருபோதும் பிரித்துவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் படமெடுத்து, நாணயத்தின் எடையையும் விட்டத்தையும் எழுதி, தேதியிட்டு வையுங்கள். எட்டணாவுக்கு வாங்கியிருக்கக்கூடிய ஒரு சாதாரண ஆந்தையை, அதே தரத்தில் உள்ள மற்ற ஆந்தைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது தாத்தா எழுதிய அந்த ஒரு வரிதான்.